யாருக்குக் கோட்டி?

சேரன்மகாதேவி என்றதும் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது குருகுலம்தான். 1922இல் கல்லிடைக்குறிச்சியில் வ.வே.சு. ஐயர் தொடங்கிச் சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்த தமிழ்க் குருகுலம். காங்கிரஸ் கமிட்டி கொடுத்த 5000 ரூபாயும் ஊரார் கொடுத்த நன்கொடையும் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் செலவானது. ஆனால் பந்தி மட்டும் பொதுவாக இல்லை. இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு, தனி இடம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசே அந்தக் கேள்வியில் கிழிந்தது.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பிராமணர் – பிராமணரல்லாதார் சண்டையாகவே இந்தக் கதை நமக்குப் பாடமாக வந்திருக்கிறது. பகடைத்தெருப் பிள்ளை அந்தப் பந்தியில எந்த ஓரத்துல உக்காந்திருப்பான் என்று இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஏனென்றால் தனிப் பந்தி இந்த ஊரை விட்டுப் போய்விடவில்லை. அன்றைக்கு அதற்கு ஆசாரம் என்று பெயர். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அதற்கு ‘நடத்தைக் கோளாறு’ என்று பெயர்.

நான் இந்தத் தாலுகாவில் சிறப்பாசிரியை. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிற தொகுப்பூதியக்காரி. பிறந்தது பகடைத்தெரு. அம்மா ஊர்க்குப்பை அள்ளினாள். அறுப்புக் காலத்தில் வயக்காட்டுக்குப் போனாள். நான் எழுதுவது எதுவும் புத்தகத்தில் படித்துக் கண்டுபிடித்தது இல்லை. பார்த்ததை எழுதுகிறேன். பார்த்ததற்குப் பெயர் தேடித்தான் புத்தகத்துக்குப் போனேன்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும். அங்கே அஞ்சாம் வகுப்பில் இரண்டு பையன்கள். இரண்டு பேரும் இடத்தில் உட்கார மாட்டார்கள். பாடம் நடக்கும்போதே எழுந்து ஓடுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. ஒருவனைப் பற்றித் தலைமையாசிரியர் சொன்னார்: “அவன் பெரிய வீட்டுப் பேரன். துறுதுறுன்னு இருக்கான். வளந்தா சரியாப் போயிரும் டீச்சர்.” இன்னொருவனைப் பற்றி அதே வாய் சொன்னது: “இவனுக்கு பிகேவியர் பிராப்ளம். உங்க மையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நம்ம பிள்ளைகளையும் கெடுத்துருவான்.”

அந்த ‘நம்ம’வுக்குள் அவனும் இல்லை, நானும் இல்லை. அவன் எங்கள் தெருப் பையன்.

பையனைத் தனியாகக் கூட்டிப்போய், “எதுக்குல பாடம் நடக்கும்போது எந்திச்சு ஓடுத?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “பெல் அடிக்கதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுரணும் டீச்சர். பெறவு அவனுவ கொழாயத் தொட விட மாட்டானுவ.”

அவன் பெயருக்கு நேரே ‘கவனக் குறைவு, மிகை இயக்கம்’ என்று எழுதியிருந்தது. தாகம் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய் விரித்துத் தனியாக உட்கார்ந்து படித்த இன்னொரு பையனை நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்துப் பியூன் தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்று அவரே பின்னாளில் எழுதி வைத்தார். அம்பேத்கர் இன்றைக்குச் சிறுவனாக இருந்தால் ‘மற்ற குழந்தைகளுடன் சேராமல் ஒதுங்கி இருக்கிறான்’ என்று ஒரு குறிப்பு எழுதி அவரை எங்கே அனுப்பியிருப்பார்கள்? நம் ஊர்களில் எத்தனை அம்பேத்கர்களை அப்படி அனுப்பியிருக்கிறோம்?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. எதிர்ப்பை நோயாக எழுதுவது எசமானர்களின் பழைய வித்தை. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தோட்டத்தை விட்டு ஓடிப்போவது ஒரு மனநோய் என்று எழுதினார். ‘டிராப்டோமேனியா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். சாட்டையடி அந்த நோய்க்கு அவர் சொன்ன வைத்தியங்களில் ஒன்று. கிரனடா தீவிலிருந்து லண்டன் போய் ஆசிரியராக வேலை பார்த்த பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். மேற்கிந்தியக் கறுப்புப் பிள்ளைகளை ஆங்கிலேயப் பள்ளிகள் எப்படி ‘மந்த’ப் பிள்ளைகளாக ஆக்கித் தனிப் பள்ளிகளில் தள்ளுகின்றன என்பதுதான் விஷயம். கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளில் கறுப்பர்கள் சுமார் 10 சதவீதம், மந்த வகுப்புகளில் சுமார் 25 சதவீதம். அங்கே பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், நுண்ணறிவுத் தேர்வை வைத்துக் கறுப்புப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் தள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரத்தில் ரோமா நாடோடிச் சமூகத்துப் பிள்ளை தனிப் பள்ளிக்குப் போகிற வாய்ப்பு மற்றப் பிள்ளையைவிட 27 மடங்கு அதிகம் என்று கணக்குக் காட்டி 18 பிள்ளைகள் வழக்காடினார்கள். 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்றது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பிள்ளைக்கு மூளை வளர்ச்சி எவ்வளவு என்று அளக்க இங்கே அதிகம் புழங்குவது பினே–காமத் தேர்வு. வி.வி. காமத் 1934இல் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்காகத் தழுவி அமைத்தது. அதைத் தமிழில் சொல்லிக் கேட்கிறார்கள். எந்தத் தமிழ்? தாமிரபரணிக் கால்வாயில் எந்த மடை திறந்தால் எந்த வயல் நனையும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, வாழைக்கன்றை எண்ணிக் கூலிக் கணக்கு முடிக்கத் தெரிந்த பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத் தமிழில் கேட்டால் வாயைத் திறக்காது. வாய் திறக்காததற்கு மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டி ஒரு எண் வரும். அந்த எண் பிள்ளையின் தலையெழுத்தாகிவிடும்.

அந்தச் சீட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023இல் மாதம் 2000 ரூபாயாக உயர்ந்தது. உண்மையிலேயே முடியாத பிள்ளையை வைத்திருக்கிற தாய்க்கு அது உயிர்த் தண்ணீர். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றும் இல்லாத வீட்டில், ‘பிள்ளைக்கு முடியல’ என்று எழுதி வாங்கினால் அடுப்பு எரியும், ‘பிள்ளை நல்லா இருக்கு’ என்றால் எரியாது என்கிற நிலைமையை உண்டாக்கியவர்கள் யார்?

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராவிட்டால் அதற்கு டிஸ்லெக்சியா என்று அழகான பெயர் உண்டு. 2007இல் ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்தபோது ஊரே அழுதது. நம் பிள்ளைக்கு அதே குறை இருந்தால் அதற்குப் பழைய பெயர்தான்: மக்கு, மாடு மேய்க்கப் போ. ஒரே குறைக்கு ஒரு வீட்டில் மருந்தும் இன்னொரு வீட்டில் குலத்தொழிலும் எழுதித் தருகிறார்கள். 1953இல் ராஜாஜி குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்து தோற்றார். திட்டம் இல்லாமலே அதை நடத்துகிற வகுப்பறைகள் தோற்கவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த பையன்கள். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, பள்ளியில் சாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாம் கூடாது என்றது. எங்கள் பக்கத்தில் மணிக்கட்டில் நிறக் கயிறு கட்டிக்கொண்டு, அதே நிறக் கயிறு இல்லாதவனை முறைத்துப் பார்க்கிற பையனுக்கு ‘நடத்தைக் கோளாறு’ என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அது பரம்பரை, அது ரத்தம், அது வீரம். திருப்பிக் கை ஓங்கினவனுக்குத்தான் கோளாறு.

அதற்காக, ‘சாதி ஒரு மனநோய், வெட்டுகிறவனுக்கு வைத்தியம் பாருங்கள்’ என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பயம். குற்றவாளியை நோயாளியாக்கித் தப்ப விடுகிற வழி அது. சாதி கற்றுக்கொடுத்து வருகிறது. அதற்கு வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, நிலம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. நோய்க்கு இதெல்லாம் கிடையாது. நோய்க்கு ஒரு நோயாளியும் அவன் படுகிற பாடும்தான் உண்டு.

இந்த இடத்தில்தான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை.

ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசி முடித்ததும் ஒரு தோழர் எழுந்து சொன்னார்: “சரியாச் சொன்னீங்க. மனநோய்ங்கறதே அதிகாரத்தின் கட்டமைப்புதான். ஃபூக்கோ 1961லயே சொல்லிட்டாரு. டாக்டர், டெஸ்ட், மாத்திரை எல்லாத்தையும் நாம நிராகரிக்கணும்.” கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

தோழரே, நீங்கள் நிராகரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை இருந்தாள். பன்னிரண்டு வயசு, பேச்சு வரவில்லை. தன் கையைத் தானே கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். ராத்திரி தூங்க மாட்டாள், சுவரில் மண்டையை முட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால், “அந்தத் தெருப் பிள்ளைகளே அப்படித்தான்.” மருந்துச் சீட்டு எழுதினவர், “எம்.ஆர். பிள்ளைகளே அப்படித்தான்.” பக்கத்து வீட்டில், “சுடலை கோளாறு, கோடாங்கியப் பாருங்க.” அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏ பிள்ள, படிச்சவதான நீ, இவளுக்கு என்னதான் செய்யுது, நீயாச்சும் சொல்லேன்” என்று கேட்டாள்.

காதில் சீழ். எத்தனை மாசமாகவோ. வலி என்று சொல்ல வாய் இல்லாத பிள்ளை கையைக் கடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். காதுக்கு மருந்து போட்டதும் கடிப்பது பாதி அடங்கியது. மீதிப் பாதி அடங்கவில்லை. அதற்கு மனநல மருத்துவர் வேண்டியிருந்தது. மாத்திரை வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பழக்க முறை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஃபூக்கோ வந்து அவள் கையைப் பிடிக்கவில்லை.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஒன்று, மனநோய் வேறொன்று. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம் என்பதை நாம் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் 1964–65இல் மைக்கேல் ரட்டரும் அவர் கூட்டாளிகளும் அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 6, 7 சதவீதத்துக்கு மனநலக் கோளாறு இருந்தது. அறிவுக் குறைபாடுள்ள பிள்ளைகளில் அது 30 முதல் 42 சதவீதம். 2007இல் எமர்சன், ஹாட்டன் என்ற இருவர் பிரிட்டனில் 18,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்துக் கணக்குப் பார்த்தபோது 36க்கு 8 என்று வந்தது. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு குறைபாட்டால் வந்தது இல்லை, வறுமையாலும் குடும்பம் படும் பாட்டாலும் வந்தது. சீமையில் வறுமைக்கே அப்படி. இங்கே வறுமையும் தீட்டும் சேர்ந்து வருகிறது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் வரும், மனச்சோர்வு வரும், தூக்கம் கெடும். ஆனால், ‘மூளை வளரலை, அதான் இப்படி’ என்று ஒரே போர்வையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். போர்வைக்குள்ளே சொத்தைப்பல் இருக்கும், மலச்சிக்கல் இருக்கும், வலிப்பு இருக்கும். வலிப்புக்குக் கொடுக்கிற பினோபார்பிட்டோன் மாத்திரையே சில பிள்ளைகளை இருக்க விடாமல் ஆட்டிவைக்கும். ஆட்டத்துக்குக் காரணம் அந்த மாத்திரை என்று பார்க்காமல் அதை அடக்க இன்னொரு மாத்திரை எழுதுவார்கள். யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டிருப்பார்கள், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, துணியைக் கிழிக்கும். கிழித்ததற்கு அடி விழும். பிள்ளை ஒன்றைச் செய்கிறதென்றால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்த ஒரு வாரத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் செலவழிப்பதில்லை.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நடப்பது இரட்டை அநியாயம். நோய் இல்லாதவனுக்கு நோய்ப் பட்டம். நோய் உள்ளவளுக்குச் சாதிப் பட்டம். தண்ணீருக்கு ஓடினவனைக் கோட்டி என்றார்கள். கோட்டி பிடித்துத் தவித்தவளை ‘அந்தத் தெருப் பிள்ளை’ என்றார்கள். முதலாவதை மட்டும் எதிர்த்துவிட்டு இரண்டாவதை மறந்தால் நம் அரசியல் பாதி அரசியல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம் இருந்தது, 2016 சட்டத்தில் 21 வகை. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. விரும்ப வேண்டியது பிள்ளையும் பெற்றவர்களும், தலைமையாசிரியர் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிக்கவும் கூடாது, மனசை நோகடிக்கவும் கூடாது என்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் உண்டா இல்லையா என்பதை அவருடைய சமூக, பொருளாதார நிலையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்த பிறகுதான் இந்த நாட்டுக்குச் சங்கிலி கண்ணில் பட்டது. இந்தச் சட்டத்தில் சங்கிலிக்கும் தடை உண்டு.

ஆனால் அதே 2017 சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு மனநோய் ஆகாது என்று கோடு போடுகிறது. கோடு சரிதான். கோட்டின் மேல் நிற்கிற பிள்ளைக்கு என்ன வழி? ஊனத்துக்கு ஒரு துறை, மனநோய்க்கு ஒரு துறை, பள்ளிக்கு ஒரு துறை, சாதிக்கு ஆதிதிராவிடர் நலத்துறை. பிள்ளையை நாலு கூறு போட்டு நாலு ஃபைலில் வைத்திருக்கிறார்கள். முழுப் பிள்ளையை ஒருத்தரும் பார்ப்பதில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் 1890களிலேயே மிஷனரிகள் பள்ளி வைத்த மாவட்டம் இது. மனசு தவிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை போக வேண்டும். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை. அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது? நாலு தடவை வரச் சொன்னால் நாலு கூலி. அஞ்சாவது தடவை அந்தத் தாய் கோடாங்கியிடம் போகிறாள் என்றால் அவள் அறியாமையால் போகவில்லை. கோடாங்கி ராத்திரியில் பார்க்கிறான், கூலி போகாது.

எழுதிவிட்டு விட்டுவிடுவதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியது இதுதான்.

பசி, காது, கண், வலிப்பு, அடி, சாதி இழிவு – இத்தனையும் விசாரித்து எழுதின பிறகுதான் ஒரு பிள்ளைக்கு ‘நடத்தைக் கோளாறு’ என்று எழுத வேண்டும். தேர்வை அந்தப் பிள்ளையின் பேச்சில், அதற்குப் பழக்கமான ஆள் பக்கத்தில் இருக்க வைத்து நடத்த வேண்டும். முடிவின் நகலைத் தாயின் கையில் கொடுத்து, படித்தும் காட்ட வேண்டும். மறுபடி அளக்கச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்க வேண்டும். குழந்தை மனநலம் தெரிந்த மருத்துவர் மாதத்தில் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அன்றைய கூலியை அரசு தர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வார்டன் கையிலுள்ள கம்புக்குப் பதிலாக ஆற்றுப்படுத்துகிற ஆள் வேண்டும். எங்களைப் போன்றவர்களை வருஷக் கணக்காகத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, ‘சிறப்பு’ என்று பட்டம் மட்டும் கொடுக்கிற வேலையை நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ண வேண்டும். கலிபோர்னியாவிலும் ஒஸ்த்ராவாவிலும் ஜெயித்தது கண்ணீர் இல்லை, கணக்கு. நம் வட்டாரத்தில் சிறப்புப் பள்ளிகளிலும் பகல் நேர மையங்களிலும் இருக்கிற பிள்ளைகள் எத்தனை? அவர்களில் பட்டியல் சாதியார் எத்தனை? யார் அனுப்பினார்கள், என்ன காரணம் எழுதினார்கள், எத்தனை பேர் திரும்பச் சாதாரண வகுப்புக்கு வந்தார்கள்? மனநல மருத்துவரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2005 தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். மாணவத் தோழர்கள் ஆளுக்கு ஒரு ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், பாப்பாக்குடி, நாங்குநேரி, களக்காடு என்று பிரித்துக்கொள்ளலாம். சேரன்மகாதேவிக்கு நான் போடுகிறேன். வருகிற பதிலைக் கொண்டுவாருங்கள், ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்போம். யாருக்குக் கோட்டி என்பது அப்போது தெரிந்துவிடும்.